அஜீரணக் கோஷ்டியும் ஓர் அவுன்ஸ் திராட்சாசவமும்

அலமாரியின் மேல்தட்டில் இருக்கிற ஆசவ அரிஷ்டங்களைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எதை எதோடு ஊறவைப்பது, எவ்வளவு காலம் மூடி வைப்பது என்பதெல்லாம் உங்கள் ஆயுர்வேதப் பாடத்திலேயே இருக்கிறது. அதை நான் சொல்லப் போவதில்லை. காலையில் நான் உள்ளே நுழைந்தபோது பின்வரிசைத் தம்பி ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், இந்த அம்மா இதையெல்லாம் குடித்திருப்பார்களா என்று கேட்டது என் காதில் விழுந்தது. குடித்திருக்கிறேன் தம்பி. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறுகிற வரைக்கும், சம்பளமும் வாங்கிக்கொண்டு குடித்திருக்கிறேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பெண்பிள்ளை ஏதாவது படித்தே ஆக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். நாகர்கோவிலில் வைத்தியம் படித்து, பதிவும் வாங்கிக்கொண்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவில் தேரடிக்குப் பக்கத்தில் ஓர் ஆயுர்வேத மருந்துக் கடையில் சேர்ந்தேன். முதலாளி கேரளத்துக்காரர். நல்ல மனிதர். ஆனால் காக்கித் துணியைக் கண்டால் பின்கட்டுக்குப் போய்விடுவார். தபால்காரர் வந்தால்கூடக் கதவிடுக்கில் பார்த்து, தபால்காரர்தான் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு வெளியே வருவார்.

மருந்து வந்து இறங்கியதும் ஒரு தேக்கரண்டி ருசி பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் ஏற்ற வேண்டும் என்பது கடை வழக்கம். வழியில் புளித்துப் போயிருந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை எனக்குத் தெரிந்த திராட்சரசம், சர்ச்சில் திருவிருந்தின்போது பாதிரி ஐயர் உதட்டில் படவைக்கிற அந்த ஒரு மடக்குதான். உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, சீனி போட்டுக் காய்ச்சியது. திடப்படுத்தல் முடிந்து திருவிருந்துக்குச் சேர்ந்த வருஷம், அது இன்னும் ஒரு மடக்கு கிடைக்காதா என்று நான் ஏங்கியது அப்பாவுக்குத் தெரியாது.

அதனால், அஜீரணத்துக்குக் கொடுக்கிற திராட்சாசவம் எனக்கு முதல் கரண்டியிலேயே பிடித்துவிட்டது. அடுத்த பாட்டில் தசமூலாரிஷ்டம். பத்து வேர்கள் போட்டு ஊறியது, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. அதை வாயில் வைத்ததும் என் முகம் போன போக்கைப் பார்த்து முதலாளி தண்ணீர்ச் செம்பை நீட்டினார். அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: இனிப்பது நல்ல மருந்து, இனிக்காதது சுமார் மருந்து. பதிவு வாங்கிய வைத்தியரின் தீர்ப்பு அது. வருகிறவர்களுக்கும் அப்படியே சிபாரிசு செய்தேன். யாரும் குறை சொல்லவில்லை. இனிப்பை யார் குறை சொல்வார்கள்?

கொஞ்ச காலம் அரசாங்கம் சாராயக் கடைகளைத் திறந்து வைத்திருந்தது. பிறகு மறுபடியும் மூடிவிட்டது. மூடிய கொஞ்ச நாளிலேயே சங்கரன்கோவில் ஆண்களுக்கு அஜீரணம் கண்டது. அதுவும் சாயங்காலத்தில் மட்டும் காண்கிற அஜீரணம். உங்களுக்குத் தெரியும், இந்த மருந்துகள் ஊறும்போது தாமாகவே கொஞ்சம் போதையைச் சேர்த்துக்கொள்ளும். ஓர் அவுன்ஸ் குடித்தால் மருந்து. பாட்டிலோடு கவிழ்த்தால் வேறு சங்கதி.

இந்த அஜீரணக் கோஷ்டிக்குத் தலைவர் சண்முகவேல் அண்ணாச்சி. மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். பெரிய மீசை, கனத்த சரீரம், கல்லையும் தின்று செரிக்கக்கூடிய வயிறு. அந்த வயிற்றைத் தடவிக்கொண்டு வந்து நிற்பார். ஆரம்பத்தில் அவர் கேட்டது திராட்சாசவம்தான். கோஷ்டி மொத்தமும் அதைத்தான் கேட்டது. சில மாதங்கள் கழித்து ஒருநாள், "ஏம்மா, இது தொண்டையப் பிடிக்கு. பச்சப்புள்ளைக்குக் குடுக்கிற மாதிரி இருக்கு. அந்தா இருக்கே, கறுப்பா, அதைக் குடு" என்று தசமூலாரிஷ்டத்தைக் காட்டினார்.

அது பிரசவ மருந்து என்று சொன்னேன்.

"தெரியும். வீட்டுல புள்ளை பெத்திருக்கு."

யார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, மருமகள் என்றார். அண்ணாச்சிக்கு ஒரே பிள்ளை, கோமதி என்று ஒரு மகள். அவளுக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மருமகள் எங்கிருந்து வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் கோஷ்டியில் எல்லோர் வீட்டிலும் பிரசவம் நடந்தது.

இங்கேதான் நான் ஒன்றைக் கவனித்தேன். எல்லோரும் இனிப்பில் ஆரம்பிக்கிறார்கள். இனிப்பிலேயே யாரும் நிற்பதில்லை. கசப்புக்கும் துவர்ப்புக்கும் நாக்கு தானாக நகர்ந்து போகிறது. என் நாக்கும் யாரையும் கேட்காமல் நகர்ந்திருந்தது. தசமூலாரிஷ்டத்துக்கு இப்போது செம்புத் தண்ணீர் தேவைப்படவில்லை. அண்ணாச்சியின் நாக்கு என்னுடையதைவிட வேகமாக நகர்ந்ததற்குக் காரணம், அவர் தேக்கரண்டியில் குடிக்கவில்லை என்பதுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, பஸ் ஸ்டாண்டு சாக்கடையில் ஒருவர் விழுந்து கிடந்தார். மடியில் எங்கள் கடைப் பாட்டில். மறுநாள் காலையில் மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். ஊருக்குப் புதியவர், அமைதியாகப் பேசுகிறவர். முதலாளி பின்கட்டுக்குப் போய்த் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார். நான் தனியாக நின்றேன்.

"இந்த ஊர்ல மாசத்துக்கு எத்தனை பிரசவம் ஆகும்மா?" என்று கேட்டார்.

தெரியாது சார் என்றேன்.

"ஆஸ்பத்திரியில கேட்டுட்டுத்தான் வர்றேன். அங்க நடக்கிறதைவிட உங்க கடையில ஜாஸ்தி நடக்குது."

பிறகு நேராகக் கேட்டார், இதில் போதை இருக்கிறதா இல்லையா என்று. எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வாடிக்கையான பதில் உண்டு: சுத்தமான மூலிகை, போதையே கிடையாது. எல்லாக் கடையிலும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கும் அது நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் எதிரே நின்றவர் கார்க்கைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார். மூக்கு உள்ள மனிதரிடம் அந்தப் பதில் செல்லாது என்று பட்டது. இருக்கிறது சார், அவுன்ஸ் கணக்கில் குடித்தால் மருந்து, அதற்கு மேலே போனால் நீங்கள் நேற்றுத் தூக்கின ஆள் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு ஆள் விழுந்தால் கடைக்கு சீல் வைத்துவிடுவதாகச் சொன்னார். விற்பதையே நிறுத்திவிட்டால் உண்மையிலேயே பிள்ளை பெற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டேன். அது உங்கள் கவலை என்றார். நியாயந்தான்.

அன்று மத்தியானமே யோசித்து ஓர் ஏற்பாடு செய்தேன். அஜீரணக்காரர்களுக்குப் பாட்டில் கிடையாது. கடைக்கு வந்தால் நானே ஓர் அவுன்ஸ் அளந்து, சமமாகத் தண்ணீர் விட்டுக் கொடுப்பேன். என் கண் முன்னால் குடித்துவிட்டுப் போக வேண்டும். ஆளுக்கு ஒரு வேளை. பிரசவ வீட்டுக்கு மட்டும் பாட்டில், பிள்ளையைக் காட்டினால். கோஷ்டியில் ஒருவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையை இரவல் வாங்கித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அது என் விரலைப் பிடித்துக் கடித்தது. கீழே நாலு பல், மேலே இரண்டு. பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்று அவர் சாதித்தார்.

அவுன்ஸ் கிளாஸோடு கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தேன். கலையவில்லை. சாயங்காலமானால் மீசை வைத்த பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று, திருவிருந்து வாங்குகிற மாதிரி பவ்வியமாகக் கிளாஸை வாங்கினார்கள். பாட்டில் கையில் இருந்தபோது அண்ணாந்து ஊற்றிக்கொண்டவர்கள், ஒரு மடக்குத்தான் என்று ஆனதும் அதை உடனே விழுங்க மனசில்லாமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வாயில் நிறுத்தினால் ருசி தெரியத்தானே செய்யும்? சண்முகவேல் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொள்வார். போன தடவை வந்த சரக்கில் வெல்லம் புதுசு, இதில் பழசு என்பார். மழைக்காலத்தில் ஊறினதுக்கும் வெயில்காலத்தில் ஊறினதுக்கும் வித்தியாசம் சொல்வார். நான் இல்லை என்பேன். அவரோடு சண்டை போடுவதற்காகவே நானும் ருசி பார்க்கிற அந்த ஒரு கரண்டியை வாயில் நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தேன். பாதி நேரம் அவர் சொன்னது தப்பாக இருக்கும். மீதி நேரம் எனக்குத் தூக்கம் வராது.

எஸ்.ஐ. அவ்வப்போது வந்து வரிசையைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் போவார்.

இப்போது கோமதி கல்யாணத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளைக்கு ஊர் ராயகிரி. நல்ல பையன், கூட்டுறவு பேங்கில் வேலை. அப்பா இல்லை. அப்பா ஸ்தானத்தில் இருந்து எல்லாம் பேசினவர் பெரியப்பா. பெண் பார்க்க வந்த நாளிலிருந்தே அவர் அண்ணாச்சியை ஒரு நிலையில் நிற்க விடவில்லை. பந்தல் சிறிசு என்றார், மேளம் சரியில்லை என்றார். கடைசியாக, எங்கள் ஆட்களுக்கு முந்தின நாள் ராத்திரி "ஏற்பாடு" உண்டா என்று கேட்டிருக்கிறார். மதுவிலக்குக் காலத்தில் ஏற்பாடு என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

அண்ணாச்சி என்னிடம் வந்தார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரெண்டு டஜன் பாட்டில் மட்டும் கொடுத்தால் போதும், சம்பந்தி வாயை அடைத்துவிடுவேன் என்றார். கோமதி என்னிடம் தையல் படித்தவள், எனக்கும் அவள் கல்யாணம் நடக்க வேண்டும். ஆனால் கல்யாணத்துக்கு எஸ்.ஐ.க்கும் பத்திரிகை வைத்திருந்தார் அண்ணாச்சி. முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, சரி என்று சொல்லியிருக்கலாமோ என்று இருந்தது.

மறுநாள் பெரியப்பாவே வந்தார். நல்ல உயரம், வைரக் கடுக்கன். திராட்சாசவம் கேட்டார். ஓர் அவுன்ஸ் ஊற்றினேன். அதைப் பார்த்துச் சிரித்தார். அலமாரியை ஒரு நோட்டம் விட்டு, கீழ்த்தட்டில் கறுப்பாக, வரிசை குலையாமல் இருந்த பாட்டில்களைக் காட்டி, அது என்ன என்றார்.

அபயாரிஷ்டம். கடுக்காயில் செய்வது. மூலத்துக்கும் மலச்சிக்கலுக்கும் கொடுப்பது. சொன்னேன்.

"அப்படியா?" என்று ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"ஐயா, வயித்தைச் சுத்தமாக் கழுவி விட்டுரும். அளவுக்கு மேல குடிச்சா எந்திரிக்கவே முடியாது."

"அப்படித்தாம்மா சொல்லணும். கெட்டிக்காரிதான் நீ" என்று மறு கண்ணையும் சிமிட்டினார்.

அந்தக் காலத்தின் தொல்லை அதுதான். பொய்யையே சங்கேதமாகப் பேசிப் பழகிய ஊரில் உண்மையைச் சொன்னால், அதையும் சங்கேதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். லேபிளைத் திருப்பிக் காட்டினேன். படித்துவிட்டு, அச்சடித்தே வைத்திருக்கிறீர்களே என்று மெச்சினார். ஒரு பாட்டிலுக்கு மேல் தரமாட்டேன் என்று நின்றேன். அதுவே அவருக்குச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது. ஒரு பாட்டிலை வாங்கிக்கொண்டு போய், அதே பெயரை ஆட்களிடம் சொல்லி அனுப்பி, புளியங்குடியிலும் தென்காசியிலும் மிச்சத்தை வாங்கிச் சேர்த்திருக்கிறார்.

முந்தின நாள் ராத்திரி சத்திரத்தில் நடந்ததை அண்ணாச்சி பிறகுதான் சொன்னார். பெரியப்பா பெருந்தன்மையாக முதல் கிளாஸை அண்ணாச்சியிடம் நீட்டியிருக்கிறார். இவர் வழக்கம்போல ஒரு சொட்டை நாக்கில் நிறுத்தியதும் கடுக்காய் என்று தெரிந்துவிட்டது. "சம்பந்தி, இது கடுக்காயில்லா" என்று சொல்லியிருக்கிறார். ஏற்பாடு செய்ய வக்கில்லாதவருக்கு ருசி வேறு பேசத் தெரிகிறதே என்று அவர் கேட்க, ராயகிரிக்காரர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அவர்கள் கலர் சோடாவைக் கலந்து மளமளவென்று உள்ளே தள்ளியிருக்கிறார்கள். நாக்கில் நிற்காத சரக்கு எதுவாக இருந்தால் என்ன?

"இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்று கேட்டேன்.

"சொல்லியிருக்கலாம்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

விடிந்ததும் எனக்கு ஆள் வந்தது. நான் போனபோது சத்திரத்தின் இரண்டு கழிப்பறைக்கும் முன்னால் பட்டு வேட்டிகள் வரிசையாக நின்றன. வரிசையில் நிற்க முடியாதவர்கள் பின்னால் இருந்த உடைமரக் காட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். நல்ல வேளையாக மாப்பிள்ளை குடிக்கவில்லை. பெரியப்பாதான் பாவம், கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தார். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அப்பா ஸ்தானத்தில் மனையில் உட்கார வேண்டியவர் அவர். அவர் எழுந்திருக்காவிட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்று பெண்கள் அழ ஆரம்பித்திருந்தார்கள்.

என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இவள் கடை மருந்துதான், விஷத்தைக் கொடுத்துவிட்டாள் என்று கத்தினார். கூட்டம் என் பக்கம் திரும்பியது. அதே நேரத்தில் எஸ்.ஐ. பந்தலுக்குள் நுழைந்தார். சந்தன நிறச் சட்டை, வேட்டி, கையில் பரிசுப் பொட்டலம். என்ன விஷயம் என்று கேட்டார்.

 கடை போய்விடும் என்றே நினைத்தேன். என்ன மருந்து என்று என்னிடம் கேட்டார். அபயாரிஷ்டம் சார், மலச்சிக்கலுக்குக் கொடுப்பது, சொல்லித்தான் கொடுத்தேன் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்குக் குடிச்சீங்க?"

வந்திருப்பது யார் என்று பெரியப்பாவின் காதில் யாரோ சொன்னார்கள். அவர் முகம் மாறியது. போதைக்கு என்று சொன்னால் கல்யாணப் பந்தலிலிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

"மலச்சிக்கல் சார்" என்றார்.

"எத்தனை பேருக்கு?"

"எங்க ஆளுக எல்லாத்துக்கும்."

"இப்ப சரியாப் போச்சா?"

"போச்சு சார்" என்றார் அவர், ஈனக் குரலில்.

"அப்ப மருந்து நல்ல மருந்துதான்" என்று சொல்லிவிட்டு எஸ்.ஐ. காப்பி குடிக்கப் போனார். பந்தலில் முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியாது. மணவறைப் பக்கத்திலிருந்து வளையல் சத்தத்தோடு வந்தது என்று மட்டும் சொல்வேன்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கட்டிலில் இருந்தவரின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அறுபது வயதைத் தாண்டின மனிதர். சிரிப்பைத் தள்ளி வைத்துவிட்டு, புளியங்குடி எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பும் சீனியும் போட்டு முதலில் குடிக்கக் கொடுத்தேன். பிறகு மாதுளம்பழத் தோலைப் பொடித்து மோரில் கலக்கி எல்லோருக்கும் கொடுத்தேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார். வாயில் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்துதான் விழுங்கினார். அந்த வயதில் அவர் நாக்கு கண்ணைத் திறந்தது.

முகூர்த்தத்துக்கு அவர் மனையில் வந்து உட்கார்ந்தார். மந்திரத்தைக் கொஞ்சம் சுருக்கும்படி ஐயரிடம் கேட்டுக்கொண்டார். சங்கரன்கோவிலில் அவ்வளவு சுருக்கமாக முடிந்த கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. பந்தலையும் மேளத்தையும் பற்றி அதற்குப் பிறகு யாரும் குறை சொல்லவில்லை. கோமதி ராயகிரியில் நன்றாக இருந்தாள்.

ஆகையால், வாடிக்கைக்காரர் கண்ணைச் சிமிட்டினால் நீங்கள் சிமிட்டாதீர்கள். சொன்னதை இன்னொரு தடவை, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். அவர் நம்புவாரா என்பது வேறு விஷயம். பிறகு நாலு பேர் நடுவில் நிற்கும்போது உங்கள் கையில் இருப்பது அந்த வார்த்தை ஒன்றுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சாராயக் கடைகளை மறுபடி திறந்தார்கள். ஊரின் அஜீரணம் ஒரே நாளில் குணமாகிவிட்டது. சாயங்கால வரிசை போயேபோய்விட்டது. முதலாளி வருத்தப்பட்டார். காக்கிச் சட்டை வராது என்பதால் சந்தோஷமும் பட்டார். ஒரு மாதம் இருக்கும், சண்முகவேல் அண்ணாச்சி மட்டும் திரும்பி வந்தார். அங்கே போய்ப் பார்த்ததாகவும், அது சூடாக இறங்குகிறதே ஒழிய வாயில் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். ஓர் அவுன்ஸ் ஊற்றினேன். இந்தத் தடவை அவர் கேட்டது திராட்சாசவம். பச்சைப்பிள்ளைக்குக் கொடுப்பது என்றீர்களே என்று சீண்டினேன். "அப்ப குடிச்சவன் வேற ஆளு" என்றார். நானும் அதே வாக்கில் அதைத் திரும்ப ருசித்துப் பார்த்தேன். திருவிருந்து ஞாபகத்தில் நான் இனிப்பு என்று ஒதுக்கி வைத்திருந்ததற்குள் மிளகு இருந்தது, ஏலம் இருந்தது, கடைசியில் மெல்ல ஏறி வருகிற ஒரு துவர்ப்பு இருந்தது. முதல் வருஷமும் அதெல்லாம் அதே பாட்டிலில்தான் இருந்திருக்கும்.

சில வருஷங்களில் அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி வந்தது. காலில் புண் ஆறவில்லை. இனி ஆசவம், அரிஷ்டம் எதுவும் ஒரு சொட்டுகூடக் கிடையாது என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. எஸ்.ஐ.க்குப் பதில் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது. சரி என்றார். ஆனால் சாயங்காலம் வந்து பெஞ்சில் உட்காருவதை விடவில்லை.

ஒருநாள் புதுச் சரக்கு வந்து இறங்கியபோது அவர் இருந்தார். நான் கரண்டியை எடுப்பதைப் பார்த்தார்.

"எப்படி இருக்குன்னு சொல்லும்மா. குடிக்கத்தானே கூடாது, கேக்கக் கூடாதுன்னு இல்லையே" என்றார்.

இனிக்கிறது, கசக்கிறது என்பதற்கு மேல் நான் யாருக்கும் எதையும் சொன்னதில்லை. அன்றைக்குத் தேடித் தேடிச் சொன்னேன். முதலில் திராட்சை, கொஞ்சம் அடிபிடித்த வெல்லம் மாதிரி. பிறகு மிளகு, நுனி நாக்கில். நடுவில் ஈரக் கட்டையின் வாசனை. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. நான் நிறுத்தியதும் கண்ணைத் திறந்தார்.

"அந்தக் கடைசித் துவர்ப்பைச் சொல்லாம விட்டுட்டியே."

"அது இன்னும் வரல அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க."

மருந்து வாங்க வந்தவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் காத்திருந்தோம்.

"வந்துட்டு" என்றேன்.

அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.